வளாகம் திரும்புவோருக்கான பயண விதி: 14 நாளா, 10-ஆ, 7-ஆ, 5-ஆ? எதை எழுதுவது?

கோப்புக்கட்டு (கேள்வி):

வணக்கம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். போன வாரம் முதல்வர் கூப்பிட்டார். "கொரோனா வந்தபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தோம். அடுத்த தடவை அப்படி இருக்கக் கூடாது. வெளியே போய் வளாகத்துக்குத் திரும்பும் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் என்ன விதி என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு வரைவு போட்டு வையுங்கள்" என்றார். அடுத்த தடவை எப்போது சார் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சரி, புதிதாக எழுதுவானேன், பழையதைத் தொகுத்தாலே போதும் என்று 2020 முதல் 2022 வரைக்குமான சுற்றறிக்கைக் கோப்பை எடுத்தேன். இரண்டு கட்டு. சானிட்டைசர் கொட்டி ஓரமெல்லாம் மை கலைந்த தாள்கள் வேறு. படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. ஒன்றில் 14 நாள் தனிமை. சில மாதம் கழித்து வந்ததில் 10. அடுத்ததில் "நெகட்டிவ் சான்று இருந்தால் 7". கடைசியில் 5. ஒவ்வொன்றின் தலையிலும் "இதற்கு முந்தைய அறிவிப்புகள் அனைத்தும் ரத்து" என்று இருக்கிறது. எது எதை ரத்து செய்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று. ஒரு தாளில் நாள் கணக்கு புறப்பட்ட தேதியிலிருந்து. இன்னொன்றில் வந்து சேர்ந்த தேதியிலிருந்து. மூன்றாவதில் "தேதியிலிருந்து" என்பது மட்டும் இருக்கிறது. எந்தத் தேதி என்பது திருத்துவதற்குப் பூசிய வெள்ளை மைக்குள் போய்விட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். எத்தனை நாள் என்று எழுதுவது? டெஸ்ட் கிளம்பும் முன் எடுக்கச் சொல்வதா, வந்த பிறகா? பேராசிரியர், மாணவர், அலுவலக ஊழியர், சமையற்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் ஒரே விதியா? தடுப்பூசிச் சான்றை எப்படிச் சரிபார்ப்பது? அந்த இரண்டு வருடமும் இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். செய்தித்தாளில் படித்தது எனக்கும் தெரியும்.


நேர்வழி:

எதற்கு இவ்வளவு யோசனை? "அவ்வப்போது வரும் அரசு உத்தரவுகள் பின்பற்றப்படும்" என்று ஒரே வரி. கீழே கையெழுத்து, முத்திரை. முடிந்தது வேலை. நாள் எண்ணிக்கையை முடிவு செய்ய நீங்கள் என்ன மருத்துவமனையா?


பழைய வார்டன்:

2020, 2021 இரண்டு வருடமும் விடுதி வார்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். நேர்வழி சொல்வது பாதி சரி. நாள் எண்ணிக்கை நம் கையில் இல்லை, அது மேலிருந்துதான் வரும். ஆனால் அந்த உத்தரவில் "தனிமையில் வைக்கவும்" என்றுதான் இருக்கும். வைத்த பையன் எந்தக் கழிப்பறைக்குப் போவான் என்று இருக்காது. அது நம் தலையில் விடியும்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 தொடக்கம். விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் நாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். உறுதிமொழிப் படிவத்தில் ஒரே கேள்வி: "கடந்த 14 நாட்களில் வெளியூர்ப் பயணம் மேற்கொண்டீர்களா? ஆம் / இல்லை." மதியத்துக்குள் தொண்ணூறு படிவம் சேர்ந்தது. தொண்ணூறிலும் "இல்லை". நீட்டிய ஒவ்வொருவன் கையிலும் பெட்டி. ஒருவனுடைய பெட்டிக் கைப்பிடியில் விமான நிலையத்து ஒட்டுச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, பயணமே போகவில்லை என்கிறாய், இது என்ன?" என்றேன். "அது பழசு சார்." சீட்டில் இருந்த அன்றைய தேதியைக் காட்டினேன். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது சிரித்ததா அழுததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது அவன்மேல் கோபம் வந்தது. ராத்திரி படுத்து யோசித்தால் கோபம் எங்கள்மேலேயே திரும்பியது. "ஆம்" என்று எழுதினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? பழைய பிளாக்கில் 14 நாள். வருகைப்பதிவில் 14 நாள் அடி. அந்த வாரமே உள்தேர்வு, மறுதேர்வு உண்டா என்று யாரும் சொல்லவில்லை. "இல்லை" என்று எழுதினால் அறைச் சாவி. உண்மைக்கு அபராதம், பொய்க்குச் சாவி. நானாக இருந்தாலும் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன்.

அடுத்த தவணையில் படிவத்தை மாற்றினோம். "போனாயா" என்று கேட்கவில்லை. போனவர்கள்தானே திரும்பி வருகிறார்கள். எந்தத் தேதியில் கிளம்பினாய், எந்த வண்டி, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டோம். கேட்கும் முன்பே முதல்வரிடம் மன்றாடி ஒரு உத்தரவு வாங்கி வாசலில் ஒட்டினேன்: தனியாக இருக்கும் நாட்களுக்கு வருகை உண்டு, தவறிய தேர்வுக்கு மறுதேர்வு உண்டு, சாப்பாடு வாசலுக்கு வரும். அதன் பிறகு வந்த படிவங்களைப் பார்த்திருக்க வேண்டும். "பக்கத்து இருக்கையில் இருந்தவர் வழியெல்லாம் இருமினார்" என்று ஒரு பெண் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அந்த அரைப் பக்கத்தை வாங்கத்தான் விதியே. மற்றதெல்லாம் அலங்காரம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாள் கணக்கு எந்தத் தேதியிலிருந்து? கடைசியாக யாரோடாவது நெருங்கி இருந்த தேதியிலிருந்து. பெரும்பாலும் அது வண்டியிலிருந்து இறங்கிய நாள். ஆனால் இரண்டு பேர் அறை என்றால் இங்கேதான் சிக்கல். ஒருவன் 3-ஆம் தேதி வந்தான். அறைத்தோழன் 9-ஆம் தேதி வந்து அதே அறையில் படுத்தான். முதலாமவனுக்குக் கணக்கு மறுபடி 9-லிருந்து. எங்களுக்கு இது புரியவே ஒரு மாதம் ஆயிற்று. 17-ஆம் தேதி முதலாமவனை வெளியே விட்டோம். இரண்டாமவன் 15-லேயே காய்ச்சலில் படுத்திருந்தான். அதற்குப் பிறகுதான் ஒரே நாளில் வந்தவர்களை ஒரே பகுதியில் போட ஆரம்பித்தோம். தேதி வாரியாக வரச் சொன்னதும் அதற்காகத்தான். வாசலில் கூட்டம் குறைக்க என்று சுற்றறிக்கையில் போட்டோம், அது இரண்டாவது காரணம்.

இன்னொன்று. படுக்கையை எண்ணாதீர்கள், கழிப்பறையை எண்ணுங்கள். "தனிமை வசதி: 60 படுக்கைகள்" என்று எங்கள் அறிக்கையில் கம்பீரமாக இருந்தது. அந்த மாடியில் கழிப்பறை ஆறு. காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் ஒரு கதவின் முன்னால் வாளியோடு நிற்பார்கள், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பல் துலக்கிக்கொண்டே. அதற்குப் பெயர் தனிமை இல்லை, கூட்டுக்காவல். உங்கள் வளாகத்தில் எத்தனை பேரை உண்மையில் தனியாக வைக்க முடியும் என்பது கழிப்பறைக் கணக்கில்தான் தெரியும். அந்த எண்ணுக்கு மேல் ஒரே வாரத்தில் வரவழைக்காதீர்கள்.

வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானித் துப்பாக்கியை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வெயிலில் நடந்து வந்த காவலருக்கு அது அலறும். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவனுக்கு வாயே திறக்காது.

ஊழியர் விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் விதியில் "பயணம்" என்றால் விடுப்பு போட்டுப் போவது. பேராசிரியர்கள் போய் வந்தால் வீட்டிலிருந்தே பாடம் எடுத்தார்கள், ஒரு நாள் சம்பளமும் போகவில்லை. சமையற்கூடத்து அண்ணன்களும் துப்புரவு அம்மாக்களும் தினமும் ஒரே வண்டியில் நெருக்கியடித்து வந்து போனார்கள். அது பயணம் என்று எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் ஒப்பந்தக்காரர்கள், வராத நாளுக்குக் கூலி கிடையாது. ஒரு நாள் பரிமாறும் அண்ணனின் கையிலிருந்த கரண்டி நடுங்கியது. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. "எத்தனை நாளாக அண்ணே?" "மூணு நாளா தம்பி." அந்த மூன்று நாளும் அவர் முந்நூறு பேருக்குப் பரிமாறியிருக்கிறார். தொண்ணூறு படிவத்தையும் ஒட்டுச்சீட்டையும் நான் துப்பறிந்துகொண்டிருந்த அதே மூன்று நாள்.


நேர்வழி:

நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளத்தோடு, வருகைப்பதிவோடு தனிமை என்று எழுதிப் பாருங்கள், திங்கட்கிழமை காலை மொத்தக் கல்லூரியும் இருமும்.


பழைய வார்டன்:

எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படிச் செய்தார்கள். ஒருவன் நான்காம் நாளே "சார், எனக்கு ஒன்றுமில்லை, வகுப்புக்குப் போகிறேன்" என்று கதவைத் தட்டினான். ஓர் அறைக்குள் தனியாக ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், அது விடுமுறையா என்று தெரியும்.


நுண்ணோக்கி:

நான் நுண்ணுயிரியல் துறை. அந்த இரண்டு வருடம் எங்கள் ஆய்வகமும் ஆர்டி-பிசிஆர் செய்தது. நாள் எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது யாரோ மனம்போன போக்கில் மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள்.

14 என்பது கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தெரிய எடுக்கும் காலத்தை வைத்து வந்த எண். 2020 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் 181 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டார்கள்: பாதிப் பேருக்குச் சுமார் 5 நாளில் அறிகுறி வந்துவிடுகிறது, அறிகுறி வருபவர்களில் 97.5 சதவீதம் பேருக்கு 11.5 நாளுக்குள். எனவே 14 என்பது பாதுகாப்பான எல்லை. பிறகு ஏன் குறைத்தார்கள்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2020 டிசம்பர் 2 அன்று இரண்டு குறுக்குவழி கொடுத்தது. டெஸ்ட் இல்லாமல் 10 நாள். அப்படி விட்டால் நோயோடு ஒருவர் நழுவும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். நெகட்டிவ் வந்தால் 7 நாள். அதில் சுமார் 5 சதவீதம். இந்த ஆபத்து தெரிந்தேதான் குறைத்தார்கள். 14 நாள் என்றால் மக்கள் இருப்பதில்லை, குறைத்தால் அதிகம் பேர் இருப்பார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வார்டன் ஐயா பெட்டிச் சீட்டில் பார்த்ததைத்தான் அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

5 நாள் 2021 டிசம்பர் 27 அன்று வந்தது. ஒமைக்ரான் பரவிய நேரம். அதற்கு அறிகுறி வர 3 நாள்தான் ஆகிறது. ஆனால் அந்த 5, பாசிட்டிவ் ஆனவர்களுக்கும் போட்ட எண், அதற்கு மேல் இன்னும் 5 நாள் மாஸ்க் என்ற நிபந்தனையோடு. உங்கள் கோப்பில் இந்த நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கையில் அந்த வரி காணாமல் போயிருந்தது.

இதில் இன்னொரு குழப்பம் மொழியால் வந்தது. நோய் வந்திருக்கலாம் என்று காத்திருப்பது ஒன்று, நோய் வந்துவிட்டதால் ஒதுங்கி இருப்பது இன்னொன்று. தமிழில் இரண்டையும் "தனிமைப்படுத்தல்" என்றே எழுதினோம். பேச்சில் இரண்டும் "குவாரண்டைன்". விளைவு, காத்திருப்பவர்களையும் பாசிட்டிவ் ஆனவர்களையும் ஒரே மாடியில் வைத்த கல்லூரிகள் உண்டு. உங்கள் வரைவில் முதல் பத்தியிலேயே "காத்திருப்பு", "நோய் ஒதுக்கம்" என்று இரண்டு சொல் போட்டுப் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் வேறு கட்டடம், வேறு நாள் கணக்கு.

டெஸ்ட் எப்போது? வாசலில் வந்து இறங்கிய கையோடு எடுப்பதில் பெரிய பயன் இல்லை. தொற்றிய முதல் நாள் எடுத்தால் ஆர்டி-பிசிஆர் கிட்டத்தட்ட எல்லோரையும் நெகட்டிவ் என்றே சொல்லும். நான்காம் நாளில்கூட தொற்றியவர்களில் 67 சதவீதம் பேரைத் தவறவிடும், அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளில் 38, எட்டாம் நாளில் 20. இவை 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு வந்த எண்கள். வண்டியில் தொற்றியிருந்தால் வாசலில் எடுக்கும் டெஸ்ட் அதைப் பார்க்காது. கிளம்பும் முன் ஒன்று, வந்து ஐந்தாறு நாள் கழித்து ஒன்று என்பதே உருப்படியான ஏற்பாடு. "என்னிடம் நெகட்டிவ் இருக்கிறது" என்று தாளைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு நேராக மெஸ்ஸுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் நேற்றைய வானிலை அறிக்கை.

அதேபோல, குணமானவரை நெகட்டிவ் வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றும் எழுதாதீர்கள். இறந்துபோன கிருமியின் துணுக்கைக்கூடப் பிசிஆர் கண்டுபிடிக்கும். வாரக் கணக்கில் பாசிட்டிவ் வரும். அறிகுறி இல்லாவிட்டால் 90 நாளுக்கு மறுபடி டெஸ்ட் வேண்டாம் என்று சிடிசி சொன்னது அதனால்தான். எங்களிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி நலமான பிறகும் ஐந்து வாரம் வளாகத்துக்கு வெளியே நின்றாள். அவளுடைய மாதிரியை நான்காம் தடவை எடுத்தபோது "மேடம், என் மூக்கு உங்கள் ஆய்வகத்துச் சொத்தாகிவிட்டது" என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேல், வரைவில் எந்த எண்ணையும் கல்வெட்டு மாதிரி எழுதாதீர்கள். அடுத்து வருவது கொரோனா இல்லாமலும் இருக்கலாம். எபோலாவுக்கு 2 முதல் 21 நாள். கொரோனா வகையைச் சேர்ந்த இன்னொரு நோயான மெர்ஸுக்கு 2 முதல் 14. நாள் என்று வரும் இடத்தில் கோடிட்டு விடுங்கள், யார் நிரப்புவார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பார் என்பதை மட்டும் உறுதியாக எழுதுங்கள்.

விடுதி இருப்பதால் கூடுதலாக ஒன்று. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 2020 ஆகஸ்டில் ஒரு விடுதியின் கழிவுநீரில் வைரஸ் தெரிந்தது. உடனே 311 பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு பேர் பாசிட்டிவ், இருவருக்கும் ஓர் அறிகுறியும் இல்லை. படிவத்தில் "இல்லை" என்று எழுதலாம். கழிவுநீர்க் குழாயில் எழுத முடியாது.


பெட்டியோடு நின்றவள்:

வார்டன் சார் சொன்ன அந்தப் பையன் பக்கத்திலிருந்து பேசுகிறேன், அவன் நான் இல்லை என்றாலும். அந்த வருடங்களில் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தேன். என் அனுபவம் எல்லாம் தாள்களில்தான்.

"72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்று" என்று போட்டிருந்தார்கள். மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா? முதல் விமானம் கிளம்பும் நேரம் வரைக்குமா, கடைசி விமானமா, கல்லூரி வாசலா? என் கணக்குப்படி 61 மணி நேரம். வாசலில் இருந்தவர் கணக்குப்படி 75. இரண்டும் சரிதான். அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் கேட்டபோது 72 மணி நேரம் என்று போடாமல் 3 நாள் என்று போட்டது, விமானம் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி. விமானம் சில மணி தாமதமானால் தாள் காலாவதி ஆகாது. சின்னச் சொல்தான், ஆனால் பல பேரை அழாமல் காப்பாற்றியிருக்கும். அதே விதியை 2021 டிசம்பர் 6 அன்று ஒரு நாளாகக் குறைத்தார்கள், 2022 ஜூன் 12 அன்று எடுத்தே விட்டார்கள். ஆகவே நீங்கள் எழுதும் சுற்றறிக்கையில் "எந்தத் தேதியில் கிளம்புபவருக்கு" என்று கட்டாயம் போடுங்கள். விதி மாறும்போது பாதி வழியில் இருப்பவர்களுக்குப் பழைய விதியா புதிய விதியா என்று ஒரு வரி. இது இல்லாததால் நான் ஒரு இடைவழி விமான நிலையத்தில் தரையில் படுத்து இரவைக் கழித்தேன், தலைக்கு மடிக்கணினிப் பை.

பெயர் இன்னொரு தலைவலி. டெஸ்ட் ரிப்போர்ட்டில் சுருக்கப் பெயர், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். "இது நீதானா?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும் என்று எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

தடுப்பூசிச் சான்று கேட்டிருந்தீர்கள். "அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி" என்று மட்டும் எழுதினால் யார் அங்கீகரித்தது என்று சண்டை வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் ஃபைசர் 2020 டிசம்பர் 31-லேயே வந்துவிட்டது. கோவாக்சின் வந்தது 2021 நவம்பர் 3. அந்த ஆகஸ்டில் கல்லூரி சேர்ந்தவர்களில், கையில் இரண்டு ஊசி போட்ட சான்று இருந்தும் வேறு ஊசி மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மாணவன் தன் நாட்டில் கிடைத்ததைத்தான் போட்டுக்கொள்ள முடியும். எந்தப் பட்டியல் என்று பெயர் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாதவர் கதவு அடைபடாமல் காத்திருப்பு வழியாக வரலாம் என்றும் ஒரு வழி வையுங்கள்.

அப்புறம், வர முடியாதவர்கள் என்று ஒரு வகை உண்டு. உங்கள் வரைவில் அவர்கள் இல்லை. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று எல்லையை மூடியது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகத் திறந்தது 2021 டிசம்பர் 15 அன்று. கிட்டத்தட்ட 21 மாதம். என் தோழி ஒருத்தி இரண்டு வருடப் படிப்பின் பெரும்பகுதியை நடு ராத்திரியில் திரையைப் பார்த்தே முடித்தாள். அவளுக்கு எல்லாக் கல்லூரிகளும் "திரும்புவோர் கவனத்துக்கு" என்றுதான் அறிக்கை அனுப்பின.

அதைவிட, எத்தனை தடவை பயணம் போகச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். 2020 இலையுதிர் பருவத்தில் பல அமெரிக்கக் கல்லூரிகள் நவம்பர் விடுமுறைக்கு அனுப்பியதோடு சரி, மீதிப் பாடமும் தேர்வும் வீட்டிலிருந்து. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இங்கிலாந்தில் அதே டிசம்பரில் 3 முதல் 9 வரை என்று ஒரு வாரம் ஒதுக்கி, முடிந்த இடங்களில் இரண்டு டெஸ்ட் எடுத்து அனுப்பினார்கள். போனது ஒழுங்காகத்தான் போனார்கள். திரும்பி வருவதுதான் சிக்கலாயிற்று, ஜனவரியில் ஊரடங்கு வந்து பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். பலருக்கு மே 17-க்குப் பிறகுதான் வகுப்பறை. அறை வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.


கோப்புக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. நேர்வழிக்கும்தான்; அவருடைய ஒரு வரியைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன், அது இல்லாவிட்டால் தணிக்கையில் கேட்பார்கள்.

மேடம் சொன்ன இரண்டு சொல்லும் முதல் பத்தியில் ஏறிவிட்டன. நாள் வரும் இடமெல்லாம் கோடு. "முடிவு வந்த நேரம்" என்று இருந்ததை "மாதிரி எடுத்த தேதி" ஆக்கினேன். அந்த மாஸ்க் நிபந்தனையைத் தேடினேன். எங்கள் கோப்பிலும் அது இல்லை. ஊழியர் பகுதியை எழுதும்போது சமையற்கூடத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். நோய் விடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமானால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் முடியும் என்கிறார் கணக்கர். சுற்றறிக்கையில் எழுதினால் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். அதைத் தனிக் குறிப்பாக முதல்வருக்கு வைக்கிறேன்.

வார்டன் சார் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். கோப்பின் இரண்டாவது கட்டில் பழைய உறுதிமொழிப் படிவங்கள் இருக்கின்றன, ஊழியர்களுடையது தனி. எத்தனை "ஆம்" என்று எண்ணலாம் என்று புரட்டினேன். 2021 ஜனவரி கட்டில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு படிவத்தின் கையெழுத்து தெரிந்த கையெழுத்தாக இருந்தது. என்னுடையது. அந்த வாரம் அக்காவுக்கு உடம்பு முடியாமல் ராத்திரி பஸ்ஸில் போய் மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்பியிருந்தேன். கையில் இரண்டு நாள் விடுப்புதான் மிச்சம். பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டில் குளித்துவிட்டு நேராக அலுவலகம் வந்து, "இல்லை" மேல் ஒரு டிக். பேனாவை அழுத்திப் போட்டிருக்கிறேன், தாளின் பின்பக்கம் தடவினால் தட்டுப்படுகிறது. எதிர் மேசையில் தட்டச்சர் அம்மா உட்கார்ந்திருப்பார், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடமாக அந்தத் தாள் இருக்கும் பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, நினைவே இல்லை.

வரைவின் முதல் வரியை மாற்றியிருக்கிறேன்: "இந்தப் படிவத்தில் பயண விவரம் எழுதுவதால் எவருக்கும் சம்பளமோ விடுப்போ வருகைப்பதிவோ குறையாது." முதல்வர் இதில் கையெழுத்துப் போடுவாரா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை கோப்பு போகிறது.

பழைய விடுதிக் கட்டடத்துக்கும் போய் வந்தேன். மொத்தம் ஒன்பது கழிப்பறை. இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை.